ஒரு காதல் கதை, இரு தடைகள்

1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் காவல்துறைத் தலைவர் ஓர் உத்தரவு பிறப்பித்தார். 'ஸ்க்ரிப்னர்ஸ்' மாத இதழின் ஜூன் பிரதியை நகரின் கடைகளில் விற்கக் கூடாது என்பது அவ்வுத்தரவு. எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவல் அவ்விதழில் அப்போது தொடராக வந்துகொண்டிருந்தது. மணமாகாத ஓர் இளைஞனும் ஒரு செவிலியும் மருத்துவமனை அறையில் காதல் வாழ்வு வாழ்வதை அந்நாவல் சொல்லியது. போர்வீரர்களின் கொச்சைப் பேச்சும் அதில் இருந்தது. நகரத்தின் ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுக்கொண்டவர்களுக்கு அதுவே போதுமான குற்றமாயிற்று.

முசோலினியின் இத்தாலியும் இந்நாவலைத் தன் எல்லைக்குள் விடவில்லை. ஆனால் அங்கே காரணம் வேறு. 1917 அக்டோபரில் கபொரெட்டோவில் இத்தாலியப் படை நிலைகுலைந்து பின்வாங்கியதை ஹெமிங்வே விரிவாக எழுதியிருந்தார். ஃபாசிச அரசின் கண்ணுக்கு அது இராணுவத்தின் மானத்தின் மீது பூசப்பட்ட கரி. இந்நாவலை இத்தாலிய மொழியில் பெயர்க்க ஒப்புக்கொண்டிருந்த காரணத்துக்காக ஃபெர்னாண்டா பிவானோ என்ற இளம் மொழிபெயர்ப்பாளர் 1943இல் துரின் நகரில் கைது செய்யப்பட்டார். ஃபாசிச ஆட்சி வீழ்ந்த பிறகே இத்தாலிய வாசகர்கள் இதைத் தங்கள் மொழியில் படிக்க முடிந்தது.

பாஸ்டன் காதலைக் கண்டு அஞ்சியது. ரோம் பின்வாங்கலைக் கண்டு அஞ்சியது. இரு தணிக்கையாளர்களும் ஒரே நூலைத்தான் கையில் வைத்திருந்தார்கள். எனினும் ஆளுக்கொரு பாதியையே படித்தார்கள்.

நம் குழுவில் சிலர் அண்மையில் இந்நாவலை முதன்முறையாக வாசித்தபோது இதே பிளவு நம்மிடையேயும் தோன்றியதைக் கண்டோம். இது ஒரு காதல் கதை, போர் அதன் பின்திரை மட்டுமே என்றனர் ஒரு சாரார். போரைப் பற்றிய நாவல் இது, விற்பனைக்காகக் காதல் சேர்க்கப்பட்டிருக்கிறது என்றனர் மற்றொரு சாரார். அகம், புறம் என்று பகுத்தே பழகிய தமிழ் மரபுக்கு இந்த வழக்கு புதிதன்று. நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து வருந்தும் அரசியும் இருக்கிறாள். பாசறையில் நள்ளிரவிலும் உறங்காமல் புண்பட்ட வீரரைப் பார்த்துவரும் அரசனும் இருக்கிறான். அவனோடு வரும் வேலில் சூட்டப்பட்ட வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளம் என்பதால் அப்பாட்டை அகம் என்று கொள்ளலாகாது, புறமே என்று வாதிட்டார் நச்சினார்க்கினியர். ஒரு சிறிய வேப்பந்தார் ஒரு காதல் பாட்டை வரலாற்றுக்குள் இழுத்துவிடுகிறது. ஹெமிங்வேயின் நாவலில் அத்தகைய வேம்பு எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தேடலின் முடிவில், காதலையும் போரையும் தனித்தனியே படிக்க இந்நூல் இடம் தருவதில்லை என்பது நமக்குத் தெளிவாயிற்று.

1

நாவலின் களம் முதல் உலகப் போரின் இத்தாலிய முனை. பிரான்சின் பதுங்குகுழிகளைப் பற்றி நாம் ஓரளவு அறிந்திருக்கிறோம். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் நடந்த இப்போரைப் பற்றி அறிந்தது குறைவு.

1915 ஏப்ரலில் லண்டனில் கையெழுத்தான ஓர் இரகசிய ஒப்பந்தத்தின்படி இத்தாலி நேச நாடுகளோடு சேர்ந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் வசமிருந்த சில நிலப்பகுதிகள் அதற்கு விலையாக வாக்களிக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் போர் தொடங்கியது. ஜூன் 1915 முதல் செப்டம்பர் 1917 வரை இசோன்ஸோ ஆற்றங்கரையில் மட்டும் பதினொரு முறை இத்தாலி பெருந்தாக்குதல் தொடுத்தது. அவற்றுக்கு வரலாற்றாசிரியர்கள் வேறு பெயர் சூட்டவும் முடியவில்லை. முதலாம் இசோன்ஸோ, இரண்டாம் இசோன்ஸோ என்று எண்ணிட்டே எழுதுகிறார்கள். 1916 ஆகஸ்டில் கொரீசியா நகரம் கைப்பற்றப்பட்டது குறிப்பிடத்தக்க வெற்றி. மற்றபடி சில மைல்களுக்காக இலட்சக்கணக்கானோர் மடிந்தும் ஊனமுற்றும் போயினர்.

இந்தக் கொரீசியாவில்தான் நாவலின் நாயகன் ஃபிரடெரிக் ஹென்றி இருக்கிறான். அமெரிக்கன்; ரோமில் கட்டடக்கலை பயில வந்தவன்; இத்தாலியப் படையின் ஆம்புலன்ஸ் பிரிவில் லெப்டினன்ட். ஏன் சேர்ந்தாய் என்று கேட்பவர்களுக்கு அவனிடம் சொல்லத்தக்க விடை ஏதுமில்லை. முதன்முறை வாசிப்பவருக்கு இது ஏமாற்றமளிக்கும். நாயகனுக்கு ஒரு கொள்கை வேண்டாமா என்று தோன்றும். நாவல் அந்த ஏமாற்றத்தைத் தணிக்க எதுவும் செய்வதில்லை.

அவன் காயப்படும் இடமும் அப்படித்தான். 1917 வசந்தத்தில் பிளாவா என்ற இடத்தில் தாக்குதலுக்காகக் காத்திருக்கும்போது, பதுங்கறையில் தன் ஓட்டுநர்களோடு அமர்ந்து ஆறிப்போன மக்ரோனியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருக்கிறான். எதிரியின் குண்டு விழுகிறது. அருகில் இருந்த பாஸினி, சற்று முன்புவரை போரின் மூடத்தனத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தவன், கால்கள் சிதைந்து கதறி இறக்கிறான். பிற்பாடு ஃபிரடெரிக்குக்குப் பதக்கம் வாங்கித்தர நண்பன் ரினால்டி முயலும்போது, என்ன வீரச்செயல் புரிந்தாய் என்று கேட்கிறான். பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தபோது அடிபட்டேன் என்பதே அவன் தரும் விடை.

நாவலின் மையமான ஒரு பத்தியை இங்கே நினைவுகூர வேண்டும். புனிதம், பெருமை, தியாகம் போன்ற சொற்களைக் கேட்டாலே தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்கிறான் ஃபிரடெரிக். கடைசியில் ஊர்களின் பெயர்களும் சாலைகளின் எண்களும் படைப்பிரிவுகளின் எண்களும் தேதிகளுமே கண்ணியத்தோடு உச்சரிக்கத் தக்கவையாக மிஞ்சின என்பது அவன் எண்ணத்தின் சாரம். இதைப் போர் எதிர்ப்பு முழக்கமாகவே பலரும் எடுத்துக்காட்டுகின்றனர். நமக்கோ இது நாவலைப் படிக்கும் முறையையே சொல்லித்தருவதாகத் தோன்றியது. எச்சொற்களை நம்பலாம், எவற்றை நம்பலாகாது என்ற வினா போருக்கு மட்டும் உரியதன்று. காதலுக்கும் அது உரியது.

2

கேதரின் பார்க்லியை முதலில் சந்திக்கும் வாசகர் பலருக்கும் அவள் பேச்சு நெருடலாகவே இருக்கும். நமக்கும் இருந்தது. இரண்டாம் மூன்றாம் சந்திப்பிலேயே தன்னைக் காதலிப்பதாகச் சொல்லச் சொல்கிறாள். சொல்லவேண்டிய வாக்கியத்தையும் தானே எடுத்துக்கொடுக்கிறாள். ஃபிரடெரிக் சொல்கிறான், பொய் என்று தெரிந்தே. சீட்டாட்டத்தில் சீட்டுகளுக்குப் பதிலாகச் சொற்களை இறக்குவது போன்ற விளையாட்டு இது என்று அவன் மனத்துக்குள் நினைத்துக்கொள்கிறான். சற்று நேரத்தில் அவளே தெளிந்தவளாக, நாம் ஆடியது மட்டமான ஆட்டம் என்று சொல்லிவிடுகிறாள்.

இதைக் காதல் கதையின் தொடக்கமாக மட்டும் படித்தால் விளங்காது. அவள் கையில் ஒரு சிறு பிரம்பு இருக்கிறது. அது அவள் மணக்கவிருந்தவனுடையது. சிறுவயது முதல் உடன் வளர்ந்தவன், எட்டாண்டுகள் நிச்சயிக்கப்பட்டிருந்தவன். 1916இல் சோம் போரில் இறந்தான். அவன் எங்கேனும் தலையில் வாள்காயத்தோடு, கட்டுப்போட்டுக்கொண்டு, அழகாகத் தன் மருத்துவமனைக்கு வந்து சேர்வான் என்று அவள் கற்பனை செய்திருந்தாளாம். வெடித்துச் சிதறிப்போனான் என்ற செய்திதான் வந்தது.

சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1ஆம் தேதி மட்டும் பிரித்தானியப் படையில் 57,000க்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காயமுற்றனர். இறந்தவர் மட்டும் 19,000க்கு மேல். வாள்காயம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களின் காயம். பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் ஆளும் போரில் உடலே மிஞ்சாத மரணம் எளிதாக நேர்ந்தது. புதைக்க உடலில்லாத துக்கத்தைச் சுமந்த ஒரு தலைமுறைப் பெண்களில் ஒருத்தி கேதரின். தன்னார்வச் செவிலியாகப் போர்முனைக்கு வந்த ஆயிரக்கணக்கான பிரித்தானியப் பெண்களில் ஒருத்தியும்கூட.

இப்போது அவள் பேச்சு வேறுவிதமாகக் கேட்கிறது. எட்டாண்டுகள் காத்திருந்து, திருமணத்துக்குப் பின் என்று எல்லாவற்றையும் தள்ளிவைத்து, எல்லாவற்றையும் இழந்தவள் அவள். ஃபிரடெரிக்கின் வாயில் அவள் வைக்கும் வாக்கியம் இறந்தவன் திரும்பி வந்து சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். மிலான் மருத்துவமனையில் அவள் எவ்விதத் தயக்கமுமின்றி அவனோடு கூடுவதும் அந்தக் கணக்கின் மறுபக்கமே. பாஸ்டன் காவல்துறை ஒழுக்கக்கேடு என்று கண்ட இடத்தில் உண்மையில் இருந்தது சோம் போரின் விளைவு. நச்சினார்க்கினியர் கண்ட வேம்பு இங்கே அந்தப் பிரம்பின் உருவில் வருகிறது.

3

1917 அக்டோபர் 24ஆம் தேதி பின்னிரவு இரண்டு மணியளவில் ஜெர்மானிய, ஆஸ்திரியப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. நச்சுவாயுக் குண்டுகளும் வீசப்பட்டன. பிளெட்ஸோ பள்ளத்தாக்கில் இருந்த இத்தாலிய வீரர்களின் முகமூடிகள் அவ்வாயுவுக்கு எதிராகப் பயன்படவில்லை. ஒரே நாளில் முனை உடைந்தது. இன்று ஸ்லொவேனியாவில் கோபரீத் என்ற பெயரோடு இருக்கும் சிற்றூர்தான் அன்றைய கபொரெட்டோ. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இத்தாலியப் படை தாலியமென்டோ ஆற்றையும் கடந்து பியாவே ஆறு வரை பின்வாங்கியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 30,000 பேர் காயமுற்றனர். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். இலட்சக்கணக்கான குடிமக்கள் வண்டிகளிலும் கால்நடையாகவும் வெளியேறினர். கபொரெட்டோ என்ற பெயரே இத்தாலிய மொழியில் படுதோல்வி என்பதற்கு மறுசொல்லாகிவிட்டது.

அக்டோபர் 28ஆம் தேதி தலைமைத் தளபதி லூயிஜி கடோர்னா ஓர் அறிக்கை வெளியிட்டார். இரண்டாம் படையின் சில பிரிவுகள் போரிடாமல் கோழைத்தனமாகப் பின்வாங்கியதும் சரணடைந்ததுமே தோல்விக்குக் காரணம் என்று அது சொன்னது. பிழை திட்டமிட்டவர்களுடையதன்று, வீரர்களுடையது என்பதே அதன் பொருள். நவம்பர் தொடக்கத்தில் கடோர்னா நீக்கப்பட்டு அர்மாந்தோ தியாஸ் நியமிக்கப்பட்டார். ஆனால் அந்த அறிக்கையின் நிழல் நீண்டது.

கடோர்னாவின் படை தன் வீரர்களைச் சுட்டுக்கொல்வதில் முன்னமே பேர்போனது. போர்க்காலத்தில் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஏறத்தாழ 750 இத்தாலிய வீரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். விசாரணையின்றிக் கொல்லப்பட்டோர் இக்கணக்கில் சேரமாட்டார்கள். பின்வாங்கலின்போது ஒழுங்கை நிலைநாட்ட அனுப்பப்பட்டவர் ஜெனரல் அந்திரேயா கிராட்சியானி. 1917 நவம்பர் 3ஆம் தேதி நொவென்டா தி படோவா என்ற ஊரில், புகைபிடித்தபடி வணக்கம் செலுத்தினான் என்பதற்காக அலெஸ்ஸாந்த்ரோ ருஃபினி என்ற பீரங்கிப்படை வீரனை அவர் அங்கேயே சுட்டுக்கொல்லச் செய்தார்.

ஹெமிங்வேயின் நாவலில் தாலியமென்டோ பாலத்தருகே நடக்கும் காட்சியை இப்பின்னணியில் படிக்க வேண்டும். இராணுவக் காவலர்கள் கூட்டத்திலிருந்து அதிகாரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். தன் பிரிவை விட்டு ஏன் தனியே வந்தாய் என்று கேட்கிறார்கள். நரைத்த தலையுடைய ஒரு லெப்டினன்ட் கர்னல் சுடப்படுகிறார். விசாரிப்பவர்களின் மிடுக்கைப் பற்றி ஃபிரடெரிக் கசப்போடு நினைக்கிறான்: பிறரைக் கொல்லும் அதிகாரம் உண்டு, தாம் கொல்லப்படும் ஆபத்து இல்லை, அத்தகையோருக்கே வாய்க்கும் அமைதி அது. தன் முறை வருமுன் ஆற்றில் குதித்துத் தப்புகிறான். முசோலினியின் அரசு பொறுக்கமாட்டாத காட்சி இதுவே.

முதன்முறை வாசிப்பில் எளிதில் நழுவிப்போகும் மற்றொரு காட்சி இதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வண்டிகள் சேற்றில் புதைந்துவிடுகின்றன. வழியில் ஏற்றிக்கொண்ட இரண்டு பொறியாளர்படை சார்ஜெண்டுகளிடம் சக்கரத்தின் கீழே போடச் செடிகொடிகளை வெட்டித்தருமாறு ஃபிரடெரிக் ஆணையிடுகிறான். அவர்கள் மறுத்து நடந்துவிடுகிறார்கள். ஃபிரடெரிக் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். ஒருவன் விழுகிறான். ஓட்டுநர் பொனெல்லோ அருகே சென்று அவன் உயிரை முடிக்கிறான். கதைசொல்லி இதை வானிலையைச் சொல்வதுபோல் சொல்லிக் கடந்துவிடுகிறான்.

பாலத்தருகே காவலர்கள் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பின்வாங்கும் படையில் ஆணைக்குப் பணியாதவனைச் சுட்டதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது. காதலியிடம் திரும்பிச் செல்லும் நல்லவன், இரக்கமற்ற இராணுவத்துக்குப் பலியாகவிருந்தவன் என்று ஃபிரடெரிக்கை நாம் எண்ணத் தொடங்கும் தருணத்தில் அந்த சார்ஜெண்டின் உடல் சேற்றில் கிடக்கிறது. ஹெமிங்வே இதைப் பற்றி ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே அது நம்மைத் தொந்தரவு செய்கிறது.

ஆற்றில் குதித்தபின் தன் கடமை முடிந்தது என்கிறான் அவன். தனக்கு மட்டுமான ஒரு சமாதானத்தைச் செய்துகொண்டுவிட்டதாகவும் நினைக்கிறான். இத்தொடருக்கும் ஒரு வரலாறு உண்டு. எதிரியோடு தனித்தனியே சமாதானம் செய்துகொள்வதில்லை என்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்றும் 1914 செப்டம்பரில் உறுதி பூண்டிருந்தன. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தின் மூலம் ரஷ்யா அதை மீறியது. அரசுகளுக்கு இடையிலான அந்தச் சட்டச் சொல்லை ஒரு தனிமனிதன் தனக்காக எடுத்துக்கொள்கிறான். ஒரு நாடு செய்யும் காரியத்தை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் செய்ய இயலுமா என்ற கேள்வியை நாவலின் பிற்பகுதி முழுவதும் கேட்டுப் பார்க்கிறது. ஸ்ட்ரெசாவில் இருந்து இரவில் மாஜோரே ஏரியில் படகு வலித்து அவர்கள் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்வதும், மலைவீட்டில் கழியும் அக்குளிர்காலமும் அந்தச் சோதனையின் பகுதிகளே.

4

பின்வாங்கலை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஹெமிங்வே அங்கே இருந்தாரா? இல்லை. கபொரெட்டோ வீழ்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. அமெரிக்காவில் 'கான்ஸஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழில் புதிதாகச் சேர்ந்த நிருபர். 1918 ஜூனில்தான் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டுநராக அவர் இத்தாலி வந்தார். ஜூலை 8ஆம் தேதி பியாவே ஆற்றங்கரையில் ஃபொஸ்ஸால்டா என்ற இடத்தில், வீரர்களுக்குச் சாக்லெட்டும் சிகரெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தபோது குண்டடிபட்டார். நாவலின் களமான இசோன்ஸோ அப்போது எதிரியின் வசம் வெகுதூரத்தில் இருந்தது. வரைபடங்களையும் வரலாற்று நூல்களையும் பத்திரிகைச் செய்திகளையும் கொண்டே அவர் அப்பகுதிகளை எழுதினார் என்பதை மைக்கேல் ரேனால்ட்ஸ் 1976இல் வெளியிட்ட தம் ஆய்வில் விரிவாக நிறுவினார். 1922இல் கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில் கிழக்குத் திரேஸிலிருந்து மழையில் வெளியேறிய அகதிகளின் வண்டித்தொடரை 'டொரொண்டோ ஸ்டார்' நிருபராக அவர் கண்டிருந்தார். அந்த மழையும் சேறும் தாலியமென்டோவுக்குப் போய்ச் சேர்ந்தன.

காதலின் நிலை இதற்கு நேர்மாறானது. அது அவர் அனுபவித்தது. மிலான் மருத்துவமனையில் அவருக்குச் செவிலியாக இருந்தவர் ஆக்னஸ் வான் குரோவ்ஸ்கி. அமெரிக்கர், அவரைவிட ஏழு வயது மூத்தவர். மணம் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு 1919 ஜனவரியில் ஹெமிங்வே ஊர் திரும்பினார். 1919 மார்ச்சில் ஆக்னஸிடமிருந்து முறிவுக் கடிதம் வந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் 'எ வெரி ஷார்ட் ஸ்டோரி' என்ற இரண்டு பக்கக் கதையில் ஹெமிங்வே இதை ஏறத்தாழ நடந்தபடியே, கசப்போடு எழுதினார். நாவலில் அந்தக் கசப்பு இல்லை. கேதரின் பிரிந்து செல்வதில்லை. இறந்துவிடுகிறாள்.

ஆக, காணாத பின்வாங்கலை உண்மைக்கு மிக நெருக்கமாகவும், கண்ட காதலை உண்மையிலிருந்து மிக விலகியும் எழுதியிருக்கிறார் அவர். இதைக் குறையாகச் சொல்லலாம். பெண்ணைப் பற்றிய ஆணின் கனவே கேதரின், ஆணுக்குச் சுமையாகுமுன் அவளைக் கதை கொன்றுவிடுகிறது என்ற கருத்தை ஜூடித் ஃபெட்டர்லி 1978இல் வெளிவந்த தம் நூலில் வலுவாக முன்வைத்தார். ஆக்னஸும் பின்னாளில் தம்மைக் கேதரினோடு ஒன்றாக்கிப் பேசுவதை விரும்பவில்லை. இக்குற்றச்சாட்டை நாம் ஒதுக்கித்தள்ளவில்லை. மலைவீட்டு அத்தியாயங்களில், நீயும் நானும் வேறில்லை, நீ விரும்புவதே என் விருப்பம் என்ற பொருளில் அவள் திரும்பத் திரும்பப் பேசும்போது, பின்வாங்கலை எழுதிய அதே கை இதையும் எழுதியதா என்ற ஐயம் எழவே செய்கிறது.

இருப்பினும் கேதரினின் மரணத்தைக் கதாசிரியரின் வசதி என்று மட்டும் கொள்ள முடியவில்லை. ஏனெனில் அதுவும் ஊர்ப்பெயரும் மருத்துவ விவரமும் உடைய மரணம். லோஸான் நகர மருத்துவமனையில் நெடுநேரப் பிரசவ வேதனை, மயக்க வாயு, வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட குழந்தை உயிரற்றது, பின்னர் நிற்காத குருதிப்பெருக்கு. ஹெமிங்வேயின் இரண்டாம் மனைவி பாலின், 1928 ஜூனில் கான்ஸஸ் சிட்டியில் நீண்ட வேதனைக்குப்பின் அறுவை சிகிச்சை மூலமே மகனைப் பெற்றார். தாயும் சேயும் பிழைத்தனர். நாவலின் முதற்படியை அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

இங்கே வரலாறு ஒரு கொடிய முரணைக் காட்டுகிறது. 1917இல் மேற்குமுனையில் ஆஸ்வால்ட் ராபர்ட்ஸன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், சிட்ரேட் சேர்த்த குருதியைக் கண்ணாடிக் குடுவைகளில் பனிக்கட்டியிட்டுச் சேமித்துக் காயமுற்ற வீரர்களுக்கு ஏற்றினார். குருதி வங்கியின் முன்னோடி முயற்சி அது. போர் கற்றுத்தந்த அவ்வறிவு பிரசவ அறைகளின் வழக்கமாக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. போரிலிருந்து தப்பியோடி வந்த பெண், போர்முனையில் வீரர்களைக் காக்கத் தொடங்கியிருந்த சிகிச்சை எட்டாத ஓர் அறையில் குருதி வடிந்து இறக்கிறாள். அவர்கள் இருவரும் செய்துகொண்ட தனிச் சமாதானம் உடலுக்குச் செல்லுபடியாகவில்லை.

இம்முடிவை எழுத ஹெமிங்வே பட்டபாடு புகழ்பெற்றது. முப்பத்தொன்பது முறை திருத்தி எழுதியதாக 1958இல் ஒரு பேட்டியில் சொன்னார். 2012இல் வந்த பதிப்பு நாற்பத்தேழு முடிவுகளை அச்சிட்டது. ஒன்றில் குழந்தை பிழைக்கிறது. சிலவற்றில் கதைசொல்லி வாழ்வைப் பற்றியும் இறப்பைப் பற்றியும் நிறையப் பேசுகிறான். அச்சேறிய முடிவில் அந்தப் பேச்சு எல்லாம் கழிந்து, மழையில் நடந்து விடுதிக்குத் திரும்பும் ஒரு மனிதன் மட்டும் எஞ்சுகிறான். பெரிய சொற்களின் மீது அவனுக்கு இருந்த கூச்சம் காதலியின் மரணத்திலும் மாறவில்லை. போரில் கற்ற மொழியிலேயே அவன் காதலையும் முடிக்கிறான்.

5

ஜார்ஜ் பீல் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரின் கவிதையொன்றின் பெயரே நாவலுக்குத் தலைப்பாயிற்று. ஆங்கிலத்தில் 'ஆர்ம்ஸ்' என்ற சொல் படைக்கலத்தையும் குறிக்கும், கரங்களையும் குறிக்கும். போருக்கு விடை என்றும் அணைப்புக்கு விடை என்றும் அதை இருவகையாகவும் படிக்கலாம். தமிழில் 'போரே நீ போ' என்ற பெயரில் இந்நாவல் வந்தது. அத்தலைப்பு ஒரு பொருளைச் செம்மையாகச் சொல்லி மற்றொன்றை விட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் ஏந்தும் வசதியை நம் மொழி இங்கே தரவில்லை.

ஆனால் வாசகருக்கு அந்த வசதி உண்டு. முதன்முறையாக இந்நாவலை எடுப்பவர்களிடம் நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. கேதரினின் கையில் இருக்கும் பிரம்பைக் கவனியுங்கள். சேற்றில் கிடக்கும் சார்ஜெண்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முன்னதை மறந்தால் காதல் வெறும் பிதற்றலாகத் தோன்றும். பின்னதை மறந்தால் நாயகன் தகுதிக்கு மீறிய தூய்மை பெற்றுவிடுவான்.

கபொரெட்டோவைப் பற்றிய அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை 1919இல் வெளியாயிற்று. இராணுவத்தால் சுட்டுக்கொல்லப்பட்ட தன் வீரர்களின் பெயருக்கு மதிப்பை மீட்டளிக்கும் மசோதாவை இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவை 2015இல்தான் ஏற்றது. இடைப்பட்ட காலமெல்லாம் பாலத்தருகே விழுந்த அந்த நரைத்த தலை அதிகாரி, பெயரின்றி, ஒரு காதல் கதையின் முப்பதாம் அத்தியாயத்தில் காத்துக்கிடந்தார். காதல் கதை என்று நினைத்து அதை எடுத்துப் படித்தவர்கள் அவரையும் கண்டார்கள்.